சேமிப்பகத்தின் விலையும் ஆவணங்களின் பெறுமதியும்

2018 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை உள்ளிட்ட கண்டியின் பல பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கட்டவிழ்த்து விடப்பட்ட வன்முறைகளின்போது வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளியினால் ஏற்பட்ட வெள்ளமும் மண்சரிவும் அதே கண்டி மாவட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கின. முன்னையது மனிதர் இழைத்த கொடுமை. பின்னையது இயற்கையின் சீற்றம். எனினும், எரியும் வீட்டோடும் சரியும் வீட்டோடும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கடையின் கணக்கேடு ஆகியனவும் அழிந்து போகின்றன. நட்டஈடு கோரச் செல்பவரிடம் முதலில் கேட்கப்படுவதும் அந்த ஆவணங்களே. ஒரு சான்றிதழ் இல்லாமையின் விலை என்னவென்பதை, 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழ் மக்களை விட நன்கறிந்தவர்கள் இருக்க முடியாது.

இதனாலேயே 'கிளவுட்' எனப்படும் இணையச் சேமிப்பகங்களின் விலை சாதாரண குடும்பங்களும் சிந்திக்க வேண்டிய விடயமாகின்றது. கூகுள் 15 ஜிகாபைட் இடத்தை இலவசமாக வழங்குகின்றது. அப்பிளும் மைக்ரோசொப்டும் 5 ஜிகாபைட்டையும் டிரொப்பொக்ஸ் 2 ஜிகாபைட்டையும் இலவசமாகத் தருகின்றன. அமெரிக்க விலைப்பட்டியலின்படி கூகுளும் மைக்ரோசொப்டும் 100 ஜிகாபைட்டுக்கு மாதம் 1.99 டொலரை அறவிடுகின்றன. 2 டெராபைட்டுக்குக் கூகுளும் அப்பிளும் 9.99 டொலரையும், மாதாந்தம் செலுத்துவோரிடம் டிரொப்பொக்ஸ் 11.99 டொலரையும் பெறுகின்றன. ஆக, நிறுவனங்களுக்கிடையிலான வேறுபாடு சில டொலர்கள் மாத்திரமே.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கின்றது. 2022 இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி அதே ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபா வரை உயர்ந்தது. டொலர் விலை ஒரு சதமேனும் மாறாத நிலையிலும், 400 ரூபாவாக இருந்த மாதக் கட்டணம் 700 ரூபாவைத் தாண்டியது. வெளிநாடுகளிலிருந்து வழங்கப்படும் இத்தகைய சேவைகளையும் 18 சதவீத பெறுமதி சேர் வரிக்குள் கொண்டுவரும் சட்டத்திருத்தம் 2025 இல் நிறைவேற்றப்பட்டமையும் கவனத்திற்குரியது. கட்டணம் செலுத்த முடியாமற் போனால் என்ன நேரும் என்பதும் விலையின் ஒரு பகுதியே. இலவச அளவை மீறிய கணக்கு இரண்டு ஆண்டுகள் அவ்வாறே நீடித்தாலும், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாமலே கிடந்தாலும், அதிலுள்ளவற்றை அழிக்கும் உரிமையைக் கூகுள் தன்வசம் வைத்திருக்கின்றது.

பணம் செலுத்தி விட்டால் பாதுகாப்பு உறுதி என்பதும் இல்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் கட்டமைப்பு இணையத் தாக்குதலுக்கு இலக்கானபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளின் மே மாதம் முதலான தரவுகள் மீளப் பெற முடியாதவாறு இழக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்கு வேறொரு பிரதி இருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் அரசாங்கத் தரவு நிலையத்தில் ஏற்பட்ட தீயில் 858 டெராபைட் தரவுகள் அழிந்தமைக்கும் இதுவே காரணம். அரசாங்கங்களுக்கே இந்நிலையென்றால், ஒரே இடத்தை நம்பியிருக்கும் தனிமனிதனின் நிலையைக் கூறத் தேவையில்லை.

ஒரு பக்கத்தின் படம் ஏறக்குறைய ஒரு மெகாபைட் எனக் கொண்டால், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட்டில் ஏறத்தாழ 15,000 பக்கங்களைச் சேமிக்கலாம். ஒரு குடும்பத்தின் முக்கிய ஆவணங்களுக்கு இதில் சிறு பகுதியே போதுமானது. அத்துடன் மற்றொரு பிரதியைப் பென் டிரைவில் பதிந்து வேறூரிலுள்ள உறவினரிடம் ஒப்படைப்பது அவசியம். 2018 மார்ச்சில் சமூக வலைத்தளங்கள் ஒரு வாரமளவில் முடக்கப்பட்டதைக் கண்ட நாம், இணையம் எந்நேரமும் கைகொடுக்கும் என நம்பியிருக்கலாகாது.

படப்பிரதி மூல உறுதிக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியன தெரிந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற வழியுண்டு. அவை தெரியாதவர் அலைந்து திரிய வேண்டியதுதான்.

பள்ளிவாசல், ஆலய நிர்வாக சபைகளும் பாடசாலைகளும் இதனைத் தமது பொறுப்பாகக் கருத வேண்டும். வக்பு சொத்துகளின் பத்திரங்கள் ஒரேயொரு அலுமாரியில் முடங்கிக் கிடப்பது சமூகத்தின் அமானிதத்தை ஆபத்தில் வைப்பதாகும். கைத்தொலைபேசியைக் கையாளத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றனர். ஒரு வார இறுதியில் ஒரு தெருவின் ஆவணங்களையே அவர்களால் படம்பிடித்துக் கொடுக்க முடியும். கடவுச்சொல்லைப் பிறரிடம் கையளிக்காது, உரியவரின் கணக்கிலேயே அவை சேமிக்கப்பட வேண்டும்.

தீயையும் வெள்ளத்தையும் தடுப்பது அரசாங்கத்தின் கடமை. அந்தக் கடமையை வலியுறுத்துவதிலிருந்து நாம் ஒருபோதும் பின்வாங்கப் போவதில்லை. ஆனால், அடுத்த அனர்த்தத்தின் பின்னர் தன் வீடு தன்னுடையதுதான் என்பதை நிரூபிக்க வேண்டிய மனிதனுக்கு, அந்த வலியுறுத்தல் மாத்திரம் போதாது.