வகுப்பறையில் ஓர் அஞ்சற்பெட்டி

தமிழகத்துத் தொடக்கப்பள்ளிகளில் மடல் எழுதுதல் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் மடல் எழுதப்படுவதில்லை. காய்ச்சலே வாராத பிள்ளை காய்ச்சலென்று விடுப்பு வேண்டி எழுதுகின்றது. இல்லாத நண்பனுக்குப் பொங்கல் வாழ்த்து வரைகின்றது. ஆசிரியர் மதிப்பெண் இடுகின்றார். அம் மடலின் வாழ்வு அத்தோடு முடிகின்றது. எவர்க்கும் போய்ச் சேராத ஒன்றை மடலென்பது, சோறு படைக்காத இலையை விருந்தென்பதை ஒக்கும்.

ஓலை, முடங்கல், திருமுகம் என்று மடலுக்கே இத்தனை சொல் வைத்திருந்த இனம் இது. உறையூரிலிருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார்க்கென்று இடம் ஒதுக்கச் சொன்னதையும், அவர் வந்து சேர்ந்ததையும் புறநானூறு காட்டுகின்றது. இதனைப் பின்னாளில் உயர்பள்ளியில் நெட்டுருப் பண்ணப்போகும் பிள்ளை, இன்று அடுத்த தெருப் பிள்ளையோடு பழக வழியின்றி வளர்கின்றது.

ஆம், அடுத்த தெருதான். ஒரே வகுப்பில் ஒன்றாக அமர்ந்திருக்கும் பிள்ளைகள், மாலை மணி அடித்ததும் ஊருக்கென்றும் சேரிக்கென்றும் பிரிந்துபோகும் நிலை இன்னும் எத்தனையோ ஊர்களில் உண்டு. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மதிப்பு இயக்க மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்க முடிவு செய்தது. பெயரின் வால் அறுந்தது. தெருவின் வேலி அறவில்லை. அவ் வேலியைப் பத்து அகவைக்குள் தாண்டாத பிள்ளை பின்பு தாண்டுதல் அரிது.

இதற்குத் தமிழாசிரியர் செய்யத்தக்கது பெருஞ்செயலன்று. பழைய அட்டைப்பெட்டி ஒன்றில் வாய் வெட்டி வகுப்பறை மூலையில் வைத்தல் வேண்டும். கிழமையின் முதல்நாள், பிள்ளைகளின் பெயர்களைத் துண்டுத்தாள்களில் எழுதிக் குடத்திலிட்டு ஆளுக்கொன்று எடுக்கச் செய்தல் வேண்டும். உத்திரமேரூரில் ஊராள்வாரைத் தேரக் குடவோலை எடுத்தவனும் ஒரு சிறுவனே! எடுத்த பெயர்க்கு அக்கிழமைக்குள் ஒரு மடல். விரும்பினவர்க்கு எழுதுக என்றுவிட்டால், பழகினவன் பழகினவனுக்கே எழுதுவான். ஒருவரும் எழுதாத பிள்ளையொன்று வெறுங்கையோடு நிற்கும். குடம் தெருப் பார்ப்பதில்லை.

போகும் மடலில் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிழுத்தல் ஆகாது. இது தமிழாசிரியர் சிலர்க்குக் கசக்கும். லகர ளகர ழகரப் பிழைகளைப் பொதுவில் கரும்பலகையில் திருத்தலாம். தோழனுக்குச் செல்லும் தாளைத் தேர்வுத்தாள் ஆக்குதல் கூடாது. 'டியர்' மட்டும் வேண்டா. 'அன்புள்ள' என்ற சொல் இருக்க இரவல் எதற்கு?

வகுப்புக்குள் பழகிய கை, பின்பு வேற்றூர்ப் பள்ளிக்கு எழுதலாம். வீட்டு முகவரி வேண்டா. பள்ளி முகவரியும் 1972 முதல் வழங்கும் ஆறிலக்க அஞ்சல் எண்ணும் போதும். அஞ்சலட்டை ஐம்பது காசுதான். குமரி மாவட்டத்துப் பிள்ளை 'வெள்ளம் குடித்தேன்' என்று எழுதும். காவிரிக் கழிமுகத்துப் பிள்ளை திகைக்கும். அதற்கு வெள்ளமென்பது கரையை உடைப்பது, குடிப்பதன்று. கொங்குப் பிள்ளை 'ஒடக்கான்' என்னும். அது தன்னூர் ஓணானென்று மற்றொன்று கண்டு சிரிக்கும். எந்த அகரமுதலியும் கற்பிக்காத வகையில் தமிழின் பரப்பை அப் பிள்ளைகள் அறிவர்.

வெளிநாட்டான் சொன்னால்தான் செவிசாய்ப்போம் என்பார்க்கும் சான்றுண்டு. முதல் உலகப்போரில் நுரையீரலில் குண்டடிபட்ட பிரஞ்சுப் பள்ளியாசிரியர் செலசுத்தேன் பிரேனே, தென்கோடி மலையூர் ஒன்றில் 1924-இல் சிற்றச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொணர்ந்தார். 1926-இல் அவர்தம் மாணாக்கரும் மேற்குக் கடலோரப் பிரெத்தாஞ் பகுதிப் பள்ளியொன்றின் மாணாக்கரும் தாம் எழுதியவற்றை அஞ்சல்வழி மாற்றிக்கொண்டனர். மலைப்பிள்ளைக்குக் கடலும் கடற்பிள்ளைக்கு மலையும் தோழன் சொல்லாக வந்தன. ஆயினும் அக்காலத்து அப் பகுதிப் பள்ளிகளில் பிரெத்தோன் மொழிக்கு இடமில்லை. பிள்ளைகள் வீட்டுமொழியை வாயிலில் விட்டுவிட்டே பள்ளிக்குள் புகுந்தனர். தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைக்கு அத்தடை இல்லை. இருந்தும் அது எழுதுவதில்லை.

கைப்பேசி இருக்க மடல் ஏனென்பர். அக் கைப்பேசியில்தான் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம் பரவிவிட்டது. மேலும், நொடியில் போவதை நொடியில் மறக்கலாம். தாளில் எழுதும் பிள்ளையோ, 'இவனுக்கு எதைச் சொல்வது, இவன் எதை விரும்புவான்' என்று எழுதுகோலைக் கடித்துக்கொண்டு எண்ணுகின்றது. பிறனொருவனைப் பற்றி அங்ஙனம் எண்ணும் அப்பொழுதிலேதான் நட்பு முளைக்கின்றது.

கிழமை இறுதியில் பெட்டியைத் திறக்கும்போது, எழுதவேண்டியவன் பள்ளிக்கு வாராமையால் ஒரு பிள்ளைக்கு மடல் இல்லாமற் போகலாம். அப்பிள்ளைக்கு ஆசிரியரே ஒன்று எழுதி, பெட்டி திறக்குமுன் உள்ளே இட்டுவிடுதல் வேண்டும்.