மறதிநோய் ஆராய்ச்சியும் தமிழாசிரியர் கடனும்

முதுமையில் மறதி இயல்பே என்று கூறி அமைதல் நம் நாட்டு வழக்கு. மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறத்தல் வேறு. பெற்ற மகளை இன்னாளென அறியாது மயங்குதல் வேறு. பின்னையது முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றும் நோய். டிமென்சியா என மருத்துவர் வழங்கும் இம்மறதிநோயின் வகைகளுள், ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் எடுத்துரைத்ததே பெருவழக்கினது. இதனை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. ஆதலின் ஆராய்ச்சி வேண்டும். அதில் தருமநிறுவனங்களின் பங்கு யாது?

பொருள் திரட்டி ஆய்வாளர் கையிற் கொடுத்தலே அவற்றின் பணியென்பர் பலர். அது பாதியே. ஆராயப்படாதார் யாவர் என வினவி, அவர்பால் ஆராய்ச்சியைத் திருப்புதல் மற்றைப் பாதி. பல நாட்டு அல்சைமர் சங்கங்களின் கூட்டமைப்பு 1998ஆம் ஆண்டில் கொச்சியிற் கூடியபோது ‘10/66’ என்னும் ஆய்வுக்குழு தோன்றிற்று. நோயாளருள் நூற்றுக்கு 66 பேர் வளர்ந்துவரும் நாடுகளில் வாழ, மக்களிடையே நிகழ்ந்த ஆய்வுகளில் நூற்றுக்கு 10க்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியன என்பது அப்பெயரின் பொருள். பெயரே ஒரு முறையீடு!

கற்றவர்க்கென அமைந்த சோதனை, கல்லாதாரை நோயாளரெனப் பிழைபடக் காட்டும். ஆகவே, முதியவரை வினவுவதோடு வீட்டாரையும் வினவி முடிவு காணும் முறையை அக்குழு வகுத்தது; 25 நிலையங்களில் 2,885 முதியோரிடம் அதனைச் சோதித்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டது. அக்குழு பின்னர் நடத்திய ஆய்வுகளுக்குச் சென்னையும் வேலூரும் களங்களாயின.

நம் நாட்டில், 2001ஆம் ஆண்டில் கொழும்பில் தோன்றிய லங்கா அல்சைமர் பவுண்டேசன் நோயாளருக்கும் அவரைப் பேணுவார்க்கும் துணைநிற்கிறது. ராகமையில் 65 வயதும் அதற்கு மேலுமான 703 பேரை மருத்துவர் ஆராய்ந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கு இந்நோய் உண்டென 2003ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

அக்கணக்கு மாத்தளைத் தோட்டங்களுக்கும் பொருந்துமென எவ்வாறு கொள்வது? றத்தோட்டையில் ஒரு லயத்து மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். பள்ளி வாயிலை அவர் மிதித்ததில்லை. வழக்கிலுள்ள சோதனையோ தேதியைக் கேட்கும், வாக்கியம் எழுதென்னும், ஐங்கோணத்தைப் பார்த்து வரையென்னும். அவர் மாதத்தை அறிவது மாசிமகத் தேரைக் கொண்டு. அரைப்பேர் விழுந்த நாட்களையோ விரல்விட்டுச் சொல்வார். அறிவு குன்றாத அவர் அச்சோதனையில் தோற்பார். உண்மையிலே நோயுற்ற அயல்வீட்டாரோ, ‘படிப்பில்லாதவர்’ என்று ஒதுக்கப்படுவார். இரண்டும் கொடுமையே.

நோயாளரைப் பேணவே பணம் போதாதபோது ஆராய்ச்சி எதற்கு என்பாரும் உளர். எண்ணப்படாத நோயாளருக்கு மருத்துவமனையில் இடம் கேட்பார் யார்? எண்ணிக்கையே பராமரிப்புக்கு முதற்படி.

ஆதலின், தருமநிறுவனங்கள் திரட்டும் பொருளில் ஒரு பங்கு மலையகத் தமிழ் முதியோரைப் பற்றிய ஆய்வுக்குச் செல்லுதல் வேண்டும். சென்னை வழக்கில் அமைந்த வினாவை அவ்வாறே இங்குக் கொணர்தலும் போதாது. தோட்டத்துப் பேச்சறிந்து வினாவை அமைத்தல் மருத்துவரால் மட்டும் ஆவதன்று. சொல்லாராய்ச்சியிற் காலங்கழிக்கும் தமிழாசிரியர்களே, மருத்துவரோடு உடனமர்ந்து அவ்வினாக்களை ஆக்கித் தருதல் நம் கடனன்றோ?