வேலையிழந்தோன் விண்ணப்பம்

பத்து வருஷம் ஒரே ஆலையில் உழைத்தவனை ஒரு நாள் மாலை அலுவலக அறைக்கு அழைக்கிறார்கள். மேஜைமீது ஒரு காகிதம் இருக்கிறது. சொந்தக் காரணங்களை முன்னிட்டுத் தன் வேலையைத் தானே ராஜினாமாச் செய்வதாக அவன் பெயரால் அதில் முன்னமேயே அச்சிடப்பட்டிருக்கிறது. கையெழுத்திட்டால் பாக்கிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் உடனே கிடைக்கும், இல்லையேல் அலைய வேண்டிவரும் என்று நயமாகவே சொல்லப்படுகிறது. வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் நாள் எண்ணுகின்ற குடும்பஸ்தன் யாது செய்வான்? கையெழுத்திடுகிறான். அக்கணமே வேலையை மாத்திரமன்றி, வேலையில்லாக் காலத்துக்கென ஏற்பட்டுள்ள உதவியையும் அவன் இழக்கிறான். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தின் படியேறி விண்ணப்பத்தை நீட்டும்பொழுதுதான் இவ்வுண்மை அவனுக்குத் தெரியவருகிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் தொழிலாளரோடு பழகுவோர் இதனைப் புதுக்கதையென்று கொள்ளமாட்டார்.

அவ்வுதவி எத்தன்மையது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். சர்க்கார் இரங்கி இடும் பிச்சையன்று அது. 2019 ஜூலை முதல் இ.எஸ்.ஐ. சந்தாவாகத் தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு 0.75 வீதமும், முதலாளியிடமிருந்து 3.25 வீதமும் பெறப்பட்டன. மாதம் 15,000 ரூபாய் வாங்குவோன் பெயரில் இரண்டும் சேர்ந்து மாதம் 600 ரூபாய். இரண்டு வருஷத்தில் 14,400 ரூபாய். இதில் வைத்தியச் செலவும் பிறவும் அடக்கமென்பது மெய்யே. எனினும் உழைப்பினின்றும் பிறந்த பணம் இதுவென்பதை மறுப்பார் எவர்? தான் கட்டிய இன்ஷூரன்ஸின் பயனைக் கேட்பவன் யாசகனல்லன், பாத்தியதையுள்ளவன்.

இந்தப் பாத்தியதை நம் நாட்டில் எளிதில் பிறந்துவிடவில்லை. 1931-இல் அறிக்கை வெளியிட்ட விட்லி ராயல் கமிஷன், வேலையில்லாமைக்குத் தேசீய இன்ஷூரன்ஸ் இந்தியாவில் அப்பொழுது சாத்தியமன்று என்று சொல்லி முடித்தது. 1944-இல் பேராசிரியர் அதார்கர் அளித்த திட்டம் தொழிலாளரின் நோய்க்கு வழி தேடியது. அதனடியாகப் பிறந்த 1948-ஆம் வருஷத்துச் சட்டமும், அதன்கீழ் 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரில் பண்டித நேரு தொடங்கிவைத்த திட்டமும் நோய்க்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் பாதுகாப்பளித்தன, வேலையிழந்தோனை நினைத்தாரில்லை. அவனை நினைக்க 2005 வரையில் ஆயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் ஆலை மூடுதலாலும் ஆட்குறைப்பாலும் வேலையிழந்தோருக்கு ஓர் உதவித்தொகை ஏற்பட்டது. பின்னர் 2018 ஜூலை முதல் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' வந்தது. பெறவேண்டியவனின் வாயில் நுழையாத பெயரைச் சூட்டுவது நமது ஆட்சியாளருக்குப் பழக்கமாய்ப் போயிற்று!

தொடங்கியபொழுது அத்திட்டம் சராசரிக் கூலியில் கால் பங்கை, அதிகபட்சம் 90 நாளைக்கு, ஆயுளில் ஒரே முறை கொடுப்பதாகச் சொல்லிற்று. வேலை போய் 90 நாள் பட்டினி கிடந்த பின்னரே கேட்கலாம் என்பது விதி. விண்ணப்பமும் அவனை வெளியேற்றிய முதலாளியின் வழியாகவே செல்லவேண்டும்! கோழியின் வழக்கை நரியின் கையொப்பத்தோடு கொண்டுவரச் சொல்வதனின்றும் இதற்கு வேற்றுமை என்னை? 2020-இல் கொரோனா நோயால் ஆலைகள் அடைபட்டு லக்ஷக்கணக்கானோர் தெருவில் நின்ற பிறகுதான் விதிகள் இளகின. கால் பங்கு அரைப் பங்காயிற்று. 90 நாட் காத்திருப்பு 30 நாளாயிற்று. தொழிலாளி நேரே கிளை அலுவலகத்துக்கு மனுச் செய்யவும் வழி பிறந்தது. மேற்சொன்ன 15,000 ரூபாய்த் தொழிலாளிக்கு மூன்று மாதத்துக்கு 11,250 ரூபாயாக இருந்தது 22,500 ரூபாயாயிற்று. இம்மாறுதல்களை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் மூல முடிச்சு அவிழவில்லை. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவனுக்கும் தானே விலகியவனுக்கும் இவ்வுதவி இல்லை என்னும் ஷரத்து நிற்கிறது. மேலுக்கு நியாயமாகவே தோன்றும் ஷரத்து இது. ஆனால் ஒருவன் எக்காரணத்தால் வெளியேறினான் என்பதை எழுதுவோர் யார்? முதலாளியின் அலுவலகத்தார். அவர்கள் பதிவேட்டில் இடும் ஒரு சொல்லே தொழிலாளியின் தலையெழுத்தாகிறது. ஆட்குறைப்பு என்று எழுதினால் முதலாளிக்குச் செலவுண்டு. 1953-இல் தொழில் தகராறுச் சட்டத்திற் சேர்ந்த விதிப்படி ஒவ்வொரு வருஷ ஊழியத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் ஒரு மாத நோட்டீசும் கொடுக்க நேர்ந்தது. ராஜினாமா என்று எழுதினாலோ அச்செலவில்லை. எந்தச் சொல் பதிவேட்டில் ஏறும் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டுவதில்லை.

இங்கிலாந்தின் சட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்நாட்டில் 1911-இல் ஏற்பட்ட தேசீய இன்ஷூரன்ஸ் சட்டம் வேலையிழந்தோனுக்கு வாரம் 7 ஷில்லிங் அளித்தது. ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவனுக்கும் தானாக விலகியவனுக்கும் அங்கும் தடையிருந்தது. எனினும் அத்தடை ஆறு வாரத்துக்கே, ஆயுளுக்கன்று. மேலும், தக்க காரணமின்றி விலகியவனுக்கே அத்தடை. காரணத்தோடு விலகியவனுக்கு இல்லை. அதிகாரியின் தீர்ப்பு பிடிக்கவில்லையெனில் முதலாளிகளின் சார்பில் ஒருவர், தொழிலாளரின் சார்பில் ஒருவர், நடுவே ஒரு தலைவர் என்ற மூவர் மன்றத்தில் முறையிடலாம். அதற்கு மேலும் ஒரு நடுவர் உண்டு. நூறு வருஷத்துக்கும் முன்னர் ஆங்கிலத் தொழிலாளி பெற்ற இவ்விசாரணையைச் சுதந்திர இந்தியாவின் தொழிலாளி கேட்பது அதிகப்பிரசங்கமாகுமா?

ஆங்கிலேயர் செய்த அனைத்தையும் நாம் போற்றுவதாக யாரும் எண்ணவேண்டாம். 1921-இல் அவர்களே, உதவி கேட்போன் தான் மெய்யாக வேலை தேடினதாக நிரூபிக்கவேண்டும் என்றொரு நிபந்தனையைப் புகுத்தினார்கள். இல்லாத வேலையைத் தேடி ஆலை ஆலையாக நடந்ததற்குச் சாக்ஷியம் காட்டும்படி ஏழையை அலைக்கழித்தார்கள். லக்ஷக்கணக்கான மனுக்கள் இதனால் தள்ளுபடியாயின. ஒன்பது வருஷம் போராடிய பின்னர், 1930-இல் அந்நிபந்தனை ஒழிந்தது. நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுகிறதோ அவரே பெரும்பாலும் தோற்பர் என்பது நியாயஸ்தலம் அறிந்த எவரும் அறிந்ததே. ஆங்கிலத் தொழிலாளி தோற்றது சட்டத்தில் தொகை குறைந்ததாலன்று. பாரம் தன் தலையில் விழுந்ததால்.

தாராளமாகக் கொடுத்தால் சோம்பேறிகள் பெருகுவர் என்று சொல்வாருமுளர். அரைக்கூலி, அதுவும் மூன்று மாதம், அதுவும் ஆயுளில் ஒரு முறை. இதனை நம்பிச் சோம்பியிருக்கத் துணிவோன் எவனேனும் இருப்பின் அவன் சோம்பேறியல்லன், சித்தபுருஷன்!

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. வேலையிழந்த காரணத்தில் தகராறு நேர்ந்தால் அதனை நிரூபிக்கும் பாரம் முதலாளியையே சார்தல் வேண்டும். அத்தகராறைத் தொழிலாளர் பிரதிநிதியும் அமர்ந்த ஒரு மன்றம் குறித்த நாட்களுக்குள் தீர்த்தல் வேண்டும். இவ்வுதவி, சோதனைத் திட்டமென்று பிறந்து தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வாழும் நிலை ஒழிந்து, சட்டத்தில் நிலையான ஷரத்தாக இடம்பெறல் வேண்டும். தவணையில் வாழ்வது சலுகை. நிலைத்து நிற்பதே உரிமை.

சர்க்கார் செவிசாய்க்கும் வரையில் நம்மவர் வாளாவிருத்தல் தகாது. தொழிலாளரிடையே வேலை செய்யும் அன்பர்கள் ஒவ்வொரு ஆலை வாயிலிலும் இதனைச் சொல்லவேண்டும்: அச்சிட்டு வைத்த ராஜினாமாவில் கையெழுத்திடாதே. மிரட்டலால் இட்டுவிட்டாயெனில், நடந்ததை நாளும் நேரமும் குறித்து அன்றைக்கே பதிவுத் தபாலில் முதலாளிக்கும் தொழிலாளர் அதிகாரிக்கும் எழுது. பலவந்தத்தாலோ தகாத செல்வாக்காலோ பெறும் சம்மதம் சுதந்திரமான சம்மதமன்று என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். சம்பளச் சீட்டுக்களைப் பத்திரப்படுத்து. உன் பெயரில் சந்தா செலுத்தப்படுகிறதா என்று அரையாண்டுக்கு ஒரு முறை பார். 2020-ஆம் வருஷத்து விதி, வேலையிழப்பதற்கு முந்திய சந்தாக் காலத்தில் 78 நாளும், இரண்டு வருஷத்துள் மற்றொரு காலத்தில் 78 நாளும் கேட்டது. திட்டம் எத்தேதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது என்பதை விசாரித்துக்கொண்டு, காலந்தாழ்த்தாது மனுச் செய். தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேள்.

வேலை போனவனுக்கு முதலில் போவது தைரியம். அவனோடு கூட ஒருவர் அந்தப் படியேறிச் சென்றால் பாதி வழக்கு வென்றதாகும். மேடைகளில் தொழிலாளர் நலம் பேசுவோர் மாதத்தில் ஒரு நாளேனும் கிளை அலுவலகத்தின் வரிசையில் ஒரு தொழிலாளியின் பக்கத்தில் நிற்பார்களாக. நூறு தீர்மானங்கள் செய்யாததை அஃது ஒன்று செய்யும்.