ஒரு முட்டையும் கொஞ்சம் கல் உப்பும்

ஏழாம் வகுப்பு மாணவரிடம் அடர்த்தி என்றால் என்ன என்று கேட்டால், ‘நிறையைப் பருமனால் வகுத்தால் கிடைப்பது’ என்று பதில் உடனே வந்துவிடும். பெரிய மரக்கட்டை மிதக்கிறது, சின்ன ஆணி மூழ்குகிறதே, ஏன் என்று அடுத்துக் கேட்டால்தான் தடுமாற்றம். கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்று சிறு வயதிலேயே படிந்துபோன எண்ணத்தைச் சூத்திரம் அசைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

அதை அசைக்க ஒரு கோழிமுட்டை போதும். நெல் விவசாயிகள் விதைத் தேர்வுக்குச் செய்வதை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். வாளித் தண்ணீரில் புதிய முட்டையைப் போட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கக் கலக்க, முட்டை ஒரு முனையைத் தூக்கும். பிறகு மெல்ல மேலே வரும். பழைய நாலணாக் காசு அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் கரைசல் பதத்துக்கு வந்துவிட்டது. முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணிகளும் மிதக்கும், திரண்ட மணிகள் அடியில் தங்கும். நல்ல விதையை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிவிட வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

இதில் முட்டையின் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது தண்ணீர்தான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ இருக்கும். இனி உப்பே கரையாது என்ற அளவுக்குப் போன கரைசல் லிட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. கண்முன்னே எழும்பும் முட்டையைப் பார்த்த பிள்ளைக்கு, பொருளோடு சேர்த்துத் திரவத்தையும் பார்க்க வேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திடம், திரவம், வாயு ஒரு பாடம். கலவைகளைப் பிரித்தல் இன்னொரு பாடம். அடர்த்தி வேறொரு பாடம் என்று பிரித்து நடத்துவதுதான் பெரிய இழப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் இவை ஒன்றாகவே நடக்கின்றன. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்குமேல் நாம் சாப்பிடும் உப்பு. வெயிலும் காற்றும் தண்ணீரை ஆவியாக்க, பாத்தி பாத்தியாக நகரும் நீர் அடர்ந்துகொண்டே போகும். மிதக்கும் கண்ணாடிக் குழாயை விட்டு அதைப் போமே டிகிரியில் அளக்கிறார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரியில் தொடங்கும். வழியிலேயே ஜிப்சம் படியும். 25 டிகிரியை ஒட்டி உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மக்னீசியம் உப்புகளும் கலந்து உப்பு கசக்கும், சீக்கிரம் நீர்த்துப்போகும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். எது எப்போது திடமாகும் என்பதை அடர்த்தியைப் பார்த்தே தீர்மானிக்கும் தொழில் இது.

வீட்டிலும் சான்று உண்டு. ஐஸ் கட்டி தண்ணீரில் மிதக்கும். உறைந்த தேங்காய் எண்ணெய்த் துண்டோ உருகிய எண்ணெயில் அடிக்குப் போகும். தண்ணீர் உறையும்போது விரிகிறது, எண்ணெய் சுருங்குகிறது.

அளவுக் கருவி ஏமாறும் இடத்தையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். மாட்டுப்பாலின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.03 கிராம். தண்ணீர் கலந்தால் அது குறையும், லாக்டோமீட்டர் ஆழமாக இறங்கும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசு. கொழுப்பைக் கொஞ்சம் எடுத்தால் பாலின் அடர்த்தி கூடும். அதற்கேற்ற அளவு தண்ணீர் ஊற்றினால் கருவி பழைய இடத்திலேயே நிற்கும். அதனால்தான் கொழுப்பைத் தனியாகச் சோதிக்காமல் பாலின் தரத்தைச் சொல்ல முடியாது.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முட்டைச் சோதனைக்கு ஒரு பாடவேளை தாராளமாகப் போதும் என்றாலும், தேர்வு வரையறையை மட்டுமே கேட்கும்வரை அந்த ஒரு பாடவேளையும் வீண் என்றுதான் தோன்றும். முதலில் மாற வேண்டியது வினாத்தாள். ‘அடர்த்தி வரையறு’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘கொழுப்பு எடுத்துத் தண்ணீர் கலந்த பாலை லாக்டோமீட்டர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?’ என்று கேட்கத் தொடங்கினால், வகுப்புக்கு வாளியும் முட்டையும் தானாக வந்து சேரும்.