அம்பிளிபயரா, எர்த்தா?



நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் ஹயருக்கு வேன் ஓட்டுகிறார். டிசம்பர் முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் வரும் பருவம்தான் அவர்களின் உழைப்புக் காலம். வேனில் நல்ல பாட்டு இல்லையென்றால் இளவட்டங்கள் அடுத்த வேனைப் பார்த்துப் போய்விடுகிறார்களாம். கடன்பட்டு அம்பிளிபயரும் சப்வூபரும் பூட்டினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஒரே இரைச்சல். பிறகு ஒரு நாள் சத்தமே இல்லை. வயரிங் பாஸ் எட்டிப் பார்த்து, "எரிந்துவிட்டது, புதிது போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். காப்பை விற்பதா என்று கேட்கிறார் சகோதரி.

காப்பை விற்க வேண்டாம். ஆனால் வேனில் கை வைக்குமுன் அதையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். பெட்டரியின் பிளஸ் முனையையும் வண்டியின் இரும்பையும் அது ஒன்றாகத் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைப் பொசுக்கிவிடும். 12 வோல்ட் ஷொக் அடிக்காது என்பது சரி. சுடாது என்று யார் சொன்னது?

வண்டியில் கரண்ட் பிளஸ் வயரில் போகிறது. திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்பு உடம்புதான். அதற்காக அம்பிளிபயரின் கறுப்பு வயரை ஒரு போல்ட்டினால் உடம்போடு இறுக்குவார்கள். அதுவே எர்த். பெயின்டைச் சுரண்டாமல் இறுக்கியிருந்தாலோ, போல்ட்டைத் துரு பிடித்தாலோ, கரண்ட் ஒழுங்காகத் திரும்பாது. எஞ்சினின் ஒல்டர்னேட்டர் எழுப்பும் சலசலப்பு ஸ்பீக்கரில் வந்து சேரும். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மழைத் தண்ணீரில்தான் 1965 முதல் விமலசுரேந்திர மின் நிலையம் ஓடுகிறது. நாட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் அதே ஈரம், வேனின் சீட்டுக்கு அடியில் போல்ட்டைத் தின்கிறது. போதாததற்குக் குலுங்கும் மலைப் பாதை வேறு போல்ட்டைத் தளர்த்திவிடும்.

முதலில் இரைச்சலைக் காது கொடுத்துக் கேளுங்கள். எஞ்சினை நிறுத்தினால் நின்று, எக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறுகிறதா? அப்படியானால் அம்பிளிபயர் எரியவில்லை. எர்த்தைப் பாருங்கள். பெட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றிவிட்டு, எர்த் போல்ட்டையும் கழற்றி, மண்கடதாசியால் இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள். மீண்டும் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். எர்த் வயர் கட்டையாக இருப்பது நல்லது. அப்போதும் இரைந்தால், பவர் வயரும் சிவப்பு வெள்ளை முனையுள்ள சிக்னல் வயரும் ஒரே பக்கத்தில் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை வலப் பக்கமாகவும் மற்றதை இடப் பக்கமாகவும் பிரித்து விட வேண்டும்.

சத்தமே இல்லாவிட்டால் அம்பிளிபயரின் சிறு லைட்டைப் பாருங்கள். லைட்டே எரியவில்லையென்றால் பெட்டரிக்குப் பக்கத்து பியூஸ், அம்பிளிபயரின் பியூஸ், செட்டிலிருந்து வரும் மெல்லிய நீல ரிமோட் வயர் மூன்றையும் பார்க்க வேண்டும். அடுத்து, இரண்டு வயர் இணைத்த ஒரு பழைய சிக்னல் லைட் பல்பை எடுங்கள். ஒரு முனையை அம்பிளிபயரின் பிளஸில் வைத்து, மறு முனையை வேனின் சுத்தமான இரும்பில் தொட்டால் எரிகிறது, ஆனால் அம்பிளிபயரின் எர்த் முனையில் தொட்டால் எரியவில்லை அல்லது மங்குகிறது என்றால், குற்றவாளி எர்த்தேதான்.

சிவப்பு லைட் எரிந்தால் அம்பிளிபயர் தன்னைக் காத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். செட்டை நிறுத்தி ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு மீண்டும் போடுங்கள். சிவப்பு போய்விட்டால் கோளாறு ஸ்பீக்கரிலோ, சீட்டின் இரும்பில் நசுங்கிய வயரிலோ இருக்கிறது. போகாவிட்டால்தான் அம்பிளிபயரைச் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய சப்வூபரின் இரண்டு முனைகளிலும் 1.5 வோல்ட் டோர்ச் பெட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். 'டப்' என்று கூம்பு அசைந்தால் சுருள் அறுந்துவிடவில்லை.

பியூஸ் போனால் அதே அம்பியர் பியூஸையே போடுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவிடுகிறார்கள் சிலர். அந்தச் சிக்கனத்தில் வயர் பற்றி, வேனே எரிந்துபோகலாம். பெட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இல்லாவிட்டால் பாட்டே கேட்காமல் இருப்பது மேல்.

இன்னொன்று: சில இரைச்சல் கரண்ட்டே அல்ல. பாட்டு ஓடும்போது நம்பர் பிளேட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள், நின்றுவிடும்!

நோட்டன் பிரிட்ஜ் சகோதரியே, எர்த் போல்ட் எந்த நிறத்தில் இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.