புற்றரையும் லயத்து முற்றமும்

திம்புள்ளைத் தோட்டங்களின் எழிலைப் புகழ்வோர் முதலிற் சுட்டுவது துரை பங்களாவின் புற்றரையையே. மட்டமாக வெட்டப்பட்ட அப்பசுமை இயற்கையின் கொடையெனக் கருதப்படுகின்றது. உண்மையில், பிறர் உழைப்பினால் நாள்தோறும் நிலைநிறுத்தப்படும் அதிகாரச் சின்னமே அது.

அந்நியர் காடழித்துக் கோப்பி நட்டனர். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியபின் தேயிலை நட்டனர். சாண் நிலத்தையும் வருவாயாகக் கணித்த அவர்கள், பங்களா முன்றிலில் மட்டும் தம் தாய்நாட்டின் நினைவாகப் பயன்தராப் புல்லை வளர்த்தனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமை கைமாறிற்று, புற்றரை மாறவில்லை. 2015இன் பின்னரான வீடமைப்புத் திட்டங்களில் தொழிலாளர் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி நிலம் போதுமெனக் கணிக்கப்பட்டது. வீடும் காய்கறிப் பாத்தியும் அதனுள்ளேயே அடங்க வேண்டும். பார்வைக்கென விடப்பட்ட புற்றரைக்கு இத்தகைய கணக்கை எவர் பார்த்தனர்?

புற்றரை மண்ணரிப்பைத் தடுக்குமென அதன் சார்பாளர் வாதிப்பர். வெறுந்தரையோடு ஒப்பிடின் அது மெய்யே. ஆயின், மண்ணைக் காப்பதே நோக்கமெனின் அதற்குரிய புல் வேறுண்டு. தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், மீள்நடுகைக்கு முன்னர் மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்த்து, வெட்டி, அந்நிலத்துக்கே மூடாக்காக இடும் முறையை நெடுங்காலமாக விதந்துரைத்து வருகின்றது. களைத்த மண் அதனால் உயிர்பெறுகின்றது. பங்களாப் புல்லோ வெட்டி அகற்றப்படுகின்றது. மண்ணுக்கு மீள்வது சிறிதே. சனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்று வீசுங்கால் அதற்கு நீரும் இறைக்க வேண்டும்.

மாற்று யாது? சரிவில் வெட்டிவேர் வரிசை, ஈரமான தாழ்விடத்தில் வல்லாரை, எல்லையில் முள்முருங்கை. முள்முருங்கை வளியிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்ப்பதோடு பசுந்தழையும் தரும். இவை வேரூன்றியபின் வாராவாரம் வெட்டவேண்டுவதில்லை. சிறுவர் விளையாடவும் மக்கள் கூடவும் வேண்டிய அளவு புல் இருக்கட்டும். எஞ்சிய இடத்தில் போஞ்சியும் லீக்சும் விளையட்டும். ஆனால், புதுமை விரும்பி அயல்நாட்டுச் செடிகளை இறக்குமதி செய்தல் தவறு. அழகுக்கெனக் கொணரப்பட்ட கோர்ஸ் முட்செடி ஹோட்டன் சமவெளியை ஆக்கிரமித்தமை போதிய எச்சரிக்கையாகும்.

இவ்வறிவு எதுவும் புதிதன்று. கான் வெட்டி, மூடாக்கிட்டு, முள்முருங்கை கவ்வாத்துச் செய்த கைகளுக்கு அது தெரியும். லயத்து முற்றத்தின் கையகல நிலத்திற் கீரை விளைவித்தோரே பங்களாவின் வெற்றுப் புல்லையும் வெட்டி வருகின்றனர். புற்றரையை நாகரிகத்தின் அளவுகோலாகக் கொள்ளும் பாடசாலைகளும் அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களுங்கூட இக்குற்றத்துக்கு விலக்கல்ல. துரைமார் விட்டுச்சென்ற அளவுகோலை எறிந்துவிட்டு, அவை லயத்து முற்றத்திடம் பாடங் கேட்கட்டும்.