கோஷா ஆஸ்பத்திரி

சென்னையில் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு அருகே ஒரு பழைய பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. 1948-ல் அதற்குக் கஸ்தூர்பா காந்தியின் பெயரைச் சூட்டினார்கள். மகளிருக்கும் குழந்தைகளுக்குமான அரசாங்க ஆஸ்பத்திரி அது. ஆனால் திருவல்லிக்கேணிவாசிகள் வாயில் அந்தப் பெயர் சுலபத்தில் நுழைவதில்லை. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் "கோஷா ஆஸ்பத்திரி" என்றால் போதும், நேரே கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

கோஷா என்றால் திரை; அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் இருக்கும் வழக்கம். பிள்ளை பெறும் இடத்துக்கு ஏன் இப்படி ஒரு பெயர் வந்தது?

அந்தக் காலத்தில் சென்னப் பட்டணத்தில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. 1844-லேயே எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கிவிட்டார்கள். போவதற்குத்தான் ஆள் இல்லை. ஆண் டாக்டர் கையால் பிரசவமா என்று முஸ்லிம் வீடுகளிலும் ஹிந்து வீடுகளிலும் ஒருங்கே மறுத்தார்கள். வீட்டில் மருத்துவச்சி இருந்தாள். அவளை இன்று பழிப்பது எளிது. சுகப் பிரசவம் வரையில் அவளுடைய அனுபவம் கைகொடுத்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, உதிரப் பெருக்கு நிற்காமல் போனாலோ, அவளால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. டாக்டரை அழைத்தாலும் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அவர் கேட்க வேண்டும். மானம் பெரிதா, உயிர் பெரிதா என்ற கேள்விக்கு வீட்டு ஆண்கள் பதில் சொன்னார்கள், பெண்கள் செத்தார்கள்.

இந்தக் கொடுமையைக் கண்டு சகியாமல் போனவர் மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேய மாது. பாரிஸ்டர் ஒருவரை மணந்து 1866-ல் சென்னைக்கு வந்தவர். முதலில் எழும்பூரில் ஓராண்டு பிரசவ வைத்தியம் பயின்றார். அது போதாது என்று கண்டு மெடிகல் காலேஜ் கதவைத் தட்டினார். ஸர்ஜன் ஜெனரலாக இருந்த எட்வர்ட் பால்பர் ஆதரித்தார். (பிரசவ வைத்திய நூல் ஒன்றை ஹிந்துஸ்தானியில் மொழிபெயர்த்து, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தம் சொந்தச் செலவில் அச்சிட்டவர் இந்தப் பால்பர். உத்தியோகஸ்தர்களில் இப்படியும் சிலர் இருந்தார்கள்.) 1875-ல் நான்கு பெண்களைச் சென்னை மெடிகல் காலேஜில் சேர்த்துக்கொண்டார்கள். லண்டன் சர்வகலாசாலையே 1878-ல்தான் பெண்களுக்குப் பட்டம் தர இசைந்தது என்பதை நினைத்தால், நம் பட்டணத்தின் பெருமை விளங்கும்.

அப்போது அந்த அம்மையார் மூன்று குழந்தைகளுக்குத் தாய். 1878-ல் இங்கே தேறி, பிறகு சீமைக்குப் போய், 1882-ல் லண்டன் வைத்தியப் பட்டமும் பெற்றார். அந்தப் பட்டத்தை முதன் முதலில் பெற்ற இரு பெண்களில் அவர் ஒருவர். திரும்பி வருமுன் விக்டோரியா மகாராணியைப் பேட்டி கண்டார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதையே வெறுத்தவர் மகாராணி. ஆனாலும் இந்தியப் பெண்கள் படும் அவதியைக் கேட்டு மனம் இளகினார். பின்னால் தம் பெயரையும் ஆஸ்பத்திரிக்குத் தந்தார்.

1885-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு தோட்ட பங்களாவில் ஆஸ்பத்திரி திறந்தது. டாக்டரும் பெண், தாதியும் பெண். அதன் பெயர் "விக்டோரியா காஸ்ட் அண்ட் கோஷா ஆஸ்பத்திரி". ஜாதி ஹிந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று பொருள். 1890-ல் சர்க்கார் சேப்பாக்கத்தில் நிலம் கொடுத்தது. வேங்கடகிரி ராஜா கட்டடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். 1921-ல் நிர்வாகமும் சர்க்கார் கைக்கு வந்தது. உடல் நலம் குன்றியதால் 1887-லேயே ஊர் திரும்பிவிட்ட ஷார்லிப் அம்மையார், சேப்பாக்கம் கட்டடத்தில் வேலை பார்க்கவில்லை.

அந்தப் பெயரை இன்று படிக்கும்போது உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். ஜாதி உள்ளவர்களுக்கு என்று வாசலில் எழுதிவிட்டால், யாருக்கு இல்லை என்று தனியாக எழுத வேண்டியதில்லை. எழும்பூரில் எல்லோரும் அடுத்தடுத்துப் படுக்க வேண்டும் என்பதற்காகவே அங்கே போக மறுத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பிடிவாதத்துக்கு வளைந்து கொடுத்துக் கட்டப்பட்டதுதான் இது. இதை மூடி மறைப்பதில் லாபம் இல்லை.

ஆனால் பெயரில் இருந்த இரண்டு சொற்களும் ஒன்றல்ல. "காஸ்ட்" என்பது மற்றொரு பெண்ணை வெளியே நிறுத்தியது. "கோஷா"வுக்குள் வழக்கத்தின் கட்டாயம் இருந்தது, மறுக்கவில்லை; அதோடு, வலியில் துடிக்கும் பெண் ஊரார் பார்வையில் கிடக்க விரும்பாத கூச்சமும் இருந்தது. அந்தக் கூச்சம் மூட நம்பிக்கை அல்ல. முதலில் உன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு வா என்று ஷார்லிப் அம்மையார் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவள் எந்த நிலையில் வருவாளோ அந்த நிலையில் வரட்டும் என்று கதவைத் திறந்தார். ஜனங்களும் முதல் சொல்லை மறந்து, இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 2018-20-ல் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் இறந்த தாய்மார் இந்தியா முழுவதிலும் 97, இங்கே 54. சாதாரணச் சாதனை அல்ல. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்ற பெண் இப்போது இல்லை. வந்தவளை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் மிச்சம்.

நெருக்கடி மிகுந்த பிரசவ வார்டுகளில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு திரை இருக்கிறதா? வலி பொறுக்காமல் கத்தினால் அதட்டாத குரல் கேட்கிறதா? பிரசவ சமயத்தில் உறவுப் பெண் ஒருத்தி கூட இருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2004-லேயே அனுமதித்தார்கள். கூட்டம் அதிகம், இடம் இல்லை என்று அந்தத் தாயையோ மாமியாரையோ வராந்தாவில் நிறுத்தி வைக்கிற வார்டு எதுவானாலும், அங்கே இடம் பண்ணுவதே அடுத்த வேலை. அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். திரைத் துணியும், கூடுதல் தாதிகளும், உட்கார ஒரு ஸ்டூலும் வேண்டும்.